முள் இல்லாத தூண்டில்

மலையில் மழைக்காலம் முடிகிற நேரம்தான் டிரவுட் மீன் பிடிக்கத் தோதானது என்று மேனேஜர் பத்ரிநாத் மெயிலில் எழுதியிருந்தார். இமாச்சலில் நாலு நாள், டீமிலிருந்து ஐந்து பேர். அமெரிக்காவிலிருந்து கிளையண்டும் வருகிறார். அவருக்கு மீன்பிடிப்பில் பைத்தியம். புது ப்ராஜெக்டுக்கு யார் லீட் என்பது அந்த ஆற்றங்கரையில்தான் முடிவாகும் என்று கேண்டீன் மொத்தத்துக்கும் தெரியும். அந்தக் கிளையண்டுக்காக இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவள் தர்ஷினி. ஆற்றங்கரையில் இல்லாவிட்டால் அத்தனையும் டீமில் கூட இருக்கும் சுனிலுக்குப் போய்விடும்.

எடுத்துப்போக வேண்டிய சாமான்களின் பட்டியலை மூன்று தரம் படித்தாள். இடுப்புவரை தண்ணீரில் நிற்க ரப்பர் கால்சட்டை, வழுக்காத ஷூ, தொப்பி. புழுவைக் காணோம். சுனிலைக் கேட்டாள். புழு கிடையாதாம், கோழி இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியாம். பிடித்ததும் முள்ளைக் கழற்றி மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டுமாம். கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தாள். அவன் செய்யவில்லை.

அவளுக்குப் புரியாததில் ஆச்சரியமில்லை. அம்மா சொர்ணம் ஜோகுபாளையத்தில் தள்ளுவண்டியில் மீன் வறுத்து விற்பவள். குடும்பத்தில் முதல் பட்டதாரியை அந்தத் தவாதான் படிக்க வைத்தது. அவர்கள் வீட்டில் மீன் என்றால் கழுவுவார்கள், மசாலா தடவுவார்கள், வறுப்பார்கள். விட்டுவிடுவதை யாரும் கேள்விப்பட்டதில்லை.

சாயங்காலம் அம்மா துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டே என்றைக்குப் பயணம் என்று கேட்டாள். செப்டம்பர் பத்தொன்பது என்றதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து தினசரிக் காலண்டரைப் புரட்டினாள். புரட்டாசி முதல் சனி.

மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த வருடம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது அது. புரட்டாசி மாதம் முழுக்க அந்த வீட்டில் யார் கையும் மீனைத் தொடாது. வண்டியில் பஜ்ஜி போடுவாள்.

"உனக்கோசரம் வேண்டிக்கினது. நீயே போய் புடிப்பியா?"

"திங்க மாட்டோம்மா. புடிச்சிட்டு விட்டுடுவோம்."

"வாயில முள்ள மாட்டி இஸ்துட்டு, அப்பறம் விடறதா?"

"ஆமா."

"இதுக்கு ஏரோப்ளேன்ல வேற போறீங்களா?"

அம்மா திரும்பிப் போய் மசாலாவில் கை வைத்தாள். வறுத்தாலாவது அந்த மீன் ஒருத்தர் வயிற்றுக்குப் போயிருக்கும் என்று மட்டும் முனகினாள். தர்ஷினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் ஆபீஸ் மொட்டைமாடியில் தூண்டில் வீச ஒத்திகை. யார் காதிலும் மாட்டிவிடக் கூடாதென்று பத்ரிநாத் முள்ளை எடுத்துவிட்டு, நூல் நுனியில் மஞ்சள் கம்பளித் துணுக்கைக் கட்டியிருந்தார். அவர் நாலு தலைமுறையாக மல்லேஸ்வரத்துக்காரர். முட்டையைக்கூடத் தொட்டதில்லை. முழங்கையை அசைக்காமல் வீச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். சுனிலின் நூல் சுனிலையே சுற்றிக்கொண்டது. தர்ஷினி மூன்றாவது வீச்சில் கம்பளியை எதிரே குறிக்கு வைத்திருந்த பக்கெட்டுக்குள் இறக்கினாள்.

பத்ரிநாத்துக்குச் சந்தோஷம். டிக்கெட் போட வேண்டும், ஆதார் அனுப்பு என்றார்.

"சார், புரட்டாசில நான் மீனைத் தொட மாட்டேன்."

அவர் விழித்தார். "நான் ஜென்மத்துல மீன் சாப்பிட்டதில்லைம்மா. இது சாப்பிடறதுக்கு இல்லையே."

"சாப்பிடாதவங்க எதுக்கு சார் அது வாயைக் குத்தணும்?"

சுனில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்ரிநாத் பொறுமை என்றார், இயற்கை என்றார், மீனுக்கு மரியாதை என்றார். அவள் உண்மையாகவே புரிந்துகொள்ளப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். அவருக்கும் ஒட்டவில்லை போலிருந்தது.

"நான் வரேன் சார். இதே கம்பளியோட வீசறேன்."

"இதுல மீன் மாட்டாதே."

"மாட்டினாலும் விடத்தானே போறோம்."

"கிளையண்ட் கேட்டா என்ன சொல்றது?"

"நானே சொல்லிக்கறேன். ரெண்டு வருஷமா அவர்கிட்ட நான்தானே பேசறேன்."

பத்ரிநாத் கம்பளித் துணுக்கை விரலால் திருகிக்கொண்டே நின்றார். "ஏனோம்மா" என்று, என்னமோ போ என்கிற மாதிரி, கன்னடத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஆதாரை இன்றைக்கே அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அது டிக்கெட்டுக்கு மட்டுமா, லீடுக்கும் சேர்த்தா என்று அவளுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் அங்கேயே நின்று அனுப்பினாள்.

வீட்டில் அம்மா கேட்டாள், போகிறாயா என்று.

"போறேன். முள்ளு இல்லாம."

"அப்ப அங்க போயி என்னாதான்டி பண்ணுவ?"

"தண்ணில நின்னு நூல வீசுவேன்."

"வீசிட்டு?"

"திருப்பி இழுப்பேன்."

அம்மா காலண்டரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அதில் பெருமாளுக்கு ஆட்சேபம் இருக்க முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும். ரப்பர் கால்சட்டையை ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கு, குளிருக்கு உள்ளே கம்பளி பேன்ட் போட வேண்டியிருக்கும் என்றாள்.