தேய்ந்த பற்றரி

போர்க்காலம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மின்சாரம் இல்லை. அங்கே பற்றரி கொண்டுபோகவும் இராணுவம் விடாது. அதனால்தான் அன்னப்பூரணியின் கணவன் பூபாலரெத்தினம், தேய்ந்த ஒற்றைப் பற்றரியிலேயே மின்னல் வேகத்தில் எண்ணும் லாஜிக் மின்சுற்றுகள் இரண்டை வடிவமைத்தான். ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் காட்ட இருவருமாகக் கொண்டுபோனபோது, துறையடிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

"இந்தப் பற்றரியில எவ்வளவு காலம் ஓடும்?" என்று அதிகாரி கேட்டார்.

அன்னப்பூரணி கணவனின் முழங்கையைக் கிள்ளினாள். ஐந்து நிமிடம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மூன்று வருட உழைப்பை ஒருவர் விசாரித்த பெருமை அந்த மனுசனின் வாயைத் திறந்துவிட்டது.

"ஒரு வருசம் ஓடும், சேர். நானே செஞ்சது."

குண்டுக்கு நேரம் வைக்கும் கருவி என்று சொல்லி அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

வீட்டிலிருந்த மற்றச் சுற்று, அவன் சொன்னபடியே ஒரு வருடம் எண்ணிவிட்டு நின்றது. அன்னப்பூரணி இன்னொரு தேய்ந்த பற்றரியைத் தேடியெடுத்துப் போட்டாள்.