ஈயக்குண்டும் ஹார்லனின் நீண்ட ஜெபமும்

கூஸ் ஹாலோ துப்பாக்கிச் சங்கத்தின் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது: ‘தானாக ஓடும் துப்பாக்கியில் ஈயக்குண்டு சுடக் கூடாது.’ எழுதியவன் ஹார்லன் பெக்ஸ்டெட். சங்கத்தின் தலைவன், செயலாளன், மைதானக் காவலன் எல்லாம் அவன்தான். வேறு யாரும் கூட்டத்துக்குப் போவதில்லை. போனால் ஏதாவது பதவியைத் தலையில் கட்டிவிடுவான் என்கிற பயம்.

அந்தப் பலகை எனக்காகவே மாட்டப்பட்டது. பெயர் மட்டும்தான் போடவில்லை.

நான் லைல். மாவட்டச் சாலைகளில் பனி தள்ளி ஓய்வு பெற்றவன். நான் தள்ளிய பனியையெல்லாம் ஒரே இடத்தில் குவித்திருந்தால் ஐடஹோவில் இன்னொரு மலை எழும்பியிருக்கும். அதற்கு என் பெயரையும் வைத்திருப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு எனக்குக் குண்டு வார்க்கிற கிறுக்குப் பிடித்தது. சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக விளிம்பில் மாட்டுகிற ஈயத்துண்டுகளை டயர் கடையில் கழற்றி ஒரு வாளியில் போட்டு வைப்பார்கள். திங்கட்கிழமை காலை டோனட் பெட்டியோடு நான் போய் நின்றால், கடைக்காரி மார்லீஸ் வாளியைக் காலாலேயே என் பக்கம் தள்ளிவிடுவாள். அந்த ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, அடிப்பாகத்துக்கு ஒரு செப்புக் கோவணம் கட்டி, தேன்மெழுகு தடவினால் குண்டு தயார்.

முதலில் வீட்டு அடுப்பில்தான் உருக்கினேன். என் மனைவி வெர்னா கடைக்குப் போய்த் திரும்பியபோது, அவள் ராஸ்பெரி ஜாம் கிண்டுகிற பாத்திரத்தில் ஈயம் நிலா மாதிரி பளபளத்துக் கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. ஈயம் ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு பாத்திரத்தோடு தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். பக்கத்து மாநிலமான மொன்டானாவில் ஒரு மாடு மயங்கி விழுந்ததாக மறுநாள் கேள்விப்பட்டேன். அதுதான் காரணமா என்று நான் விசாரிக்கவில்லை.

“இந்த வீட்டுல இனிமே ஒரு பொட்டு ஈயம் என் கண்ணுல பட்டுச்சு, அடுத்தது உன்னத்தான் உருக்குவேன்” என்றாள்.

ஆகவே அடுப்பு சங்கக் கொட்டகையின் ஓரத்துக்குக் குடிபோயிற்று. கையால் தாழ்ப்பாள் இழுத்துச் சுடுகிற துப்பாக்கியில் ஈயம் சுட்ட காலம்வரை ஹார்லனும் வாயைத் திறக்கவில்லை. காரண்டில் சுட ஆரம்பித்ததும்தான் அவனுக்கு வயிறு எரிந்தது.

காரண்ட் பழைய பட்டாளத் துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுடும்போதும் வெடித்த புகையில் கொஞ்சம் குழலின் அடியில் உள்ள ஒரு சின்னத் துளை வழியாக இறங்கி, ஒரு கம்பியைப் பின்னுக்குத் தள்ளும். கம்பி பழைய கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும். எட்டுத் தோட்டாவும் தீர்ந்ததும், அவற்றைப் பிடித்திருந்த இரும்புக் கிளிப் ‘டிங்’ என்று மேலே துள்ளும். கோயில் மணிக்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்த சத்தம் அதுதான். வெர்னா பக்கத்தில் இல்லையென்றால் வரிசையை மாற்றிச் சொல்வேன்.

“ஈயம் சுரண்டிக்கிட்டு வந்து அந்தத் தொளைய அடைச்சிரும். மெழுகு வெந்து கம்பியில ஒட்டிக்கும். துப்பாக்கி நாசமாப் போயிரும்யா” என்பது ஹார்லனின் கட்சி.

“நாசமானா என் துப்பாக்கிதானே?”

“நாத்தம் எங்க மூக்குக்குல்ல வருது!”

உண்மையான காரணம் வேறு. அவனும் அந்த டயர் கடை வாளிமேல் கண் வைத்திருந்தான், தூண்டிலுக்கு ஈயக்கட்டி வார்க்க. இப்போது வருகிற சக்கரத்துண்டுகளில் பாதி துத்தநாகம். நல்ல ஈயம் தங்கம் மாதிரி. என் அடுப்பு அணைந்தால் வாளி அவனுக்கு. இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், மார்லீஸுக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சட்டம் பிடிக்கவில்லையென்றால் மனு எழுத வேண்டாம், கையெழுத்து வாங்க வேண்டாம். நவம்பர் கடைசியில் வருகிற நன்றி நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற அன்று, அதைச் சுட்டுக் காட்டி உடைக்க வேண்டும்.

“சரி. எட்டுக் குண்டு. கம்பிய நீ கையால தொடக் கூடாது. தானா ஓடி, தானா கிளிப்பு வெளிய வரணும். வந்துச்சுன்னா பலகைய நானே கழட்டுறேன்” என்றான் ஹார்லன்.

“வரலேன்னா?”

“உன் அடுப்பு, அச்சு, கரண்டி எல்லாத்தையும் அன்னிக்கே தூக்கிட்டுப் போயிரணும்.”

எங்கே தூக்கிக்கொண்டு போவது? வீட்டுக்குப் போனால் நான் உருகுவேன். அந்த மூலையைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு போக்கிடம் இல்லை.

கோடைக்காலத்தில் கவலையே இல்லை. என் ஈயக்குண்டில் காரண்ட் தையல் மெஷின் மாதிரி ஓடும். நவம்பர்தான் பேஜார். குளிரில் வெடிமருந்து சோம்பிப் போகும், புகைக்கு வேகம் வராது, கம்பி பாதி வழியில் நின்றுவிடும். மருந்தைக் கூட்டினால் ஈயம் குழலுக்குள் இழுபட்டு ஹார்லன் சொன்னதே நடந்துவிடும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆகவே நான் கண்டுபிடித்த வழி, தோட்டாக்களைக் கிளிப்போடு அக்குளில் வைத்துக்கொள்வது. சூடாகச் சுட்டால் எட்டும் ஓடியது. ஆறவிட்டுச் சுட்டால் மூன்றோடு நின்றது.

அந்தச் சனிக்கிழமை அடித்த குளிரைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கள் சங்கத்து எல்டன் ஒரு பெரிய அண்டாவில் மிளகாய்க் கறி கொதிக்க வைத்திருந்தான். அண்டாவின் அடியில் கொதித்தது, மேலே பனி ஆடை கட்டியிருந்தது. என் மூக்கு ஒழுகவில்லை, உறைந்து நீண்டது. வெர்னா, கறியை ஊற்றித் தின்பதற்காகப் வெண்ணெய் தடவி அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்குகளைப் பெட்டி நிறையக் கொண்டு வந்திருந்தாள், கம்பளியில் பொதிந்து.

நான் இடது கையை உடம்போடு ஒட்டியபடி, இறக்கை ஒடிந்த கோழி மாதிரி நடந்து வந்தேன்.

“தோள்ல என்ன வலியா லைல்?” என்றான் ஹார்லன், தேன் ஒழுக.

“வயசாச்சுல்ல.”

“அக்குள்ள இருக்கிறத எடுத்து பெஞ்சுல வையி. எல்லாரும் பாக்கட்டும். ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிப்போம்.”

என் இதயம் கிளிப்புக்கு முன்னால் குளிர்ந்தது. ஹார்லனின் ஜெபம் எங்கள் மாவட்டம் முழுக்கப் பிரசித்தம். ஒரு கல்யாணத்தில் அவன் ஆமென் சொல்வதற்குள் மணப்பெண்ணுக்கு நரை விழுந்துவிட்டது. கிளிப்பைச் சுடும் பெஞ்சின் கடைக்கோடியில், வெறும் சிமெண்டின்மேல் வைத்தேன். எல்லாரும் தொப்பியைக் கழற்றினோம். தலை குனிந்தோம். கண்களை மூடினோம்.

“எங்கள் பரலோகத் தகப்பனே” என்று தொடங்கினான். இந்த ஆண்டு உருளைக்கிழங்குக்கு நன்றி சொன்னான். போன ஆண்டு உருளைக்கிழங்குக்கும் சொன்னான். மேல் கால்வாய்க்காரர்களை ஆசீர்வதித்தான். கீழ்க் கால்வாய்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று அவர்களையும் ஆசீர்வதித்தான். அத்தையின் இடுப்பெலும்பு, பள்ளிக்கூடப் பந்து அணி, சினைப்பசுக்கள், அவற்றின் வயிற்றில் இருந்த கன்றுகள் என்று ஒவ்வொன்றாகப் போனான். இடையிடையே மூச்சு வாங்கி, காற்று எவ்வளவு குளிர்கிறது என்று சோதித்துக்கொள்வது போலிருந்தது.

நான் ஒரு கண்ணால் ஜெபித்தேன். இன்னொரு கண்ணால் கிளிப்பைப் பார்த்தேன்.

அப்போது வெர்னா நகர்ந்தாள். குனிந்த தலை நிமிராமல், பூனை பால் சட்டிக்குப் போகிற மாதிரி வந்தாள். ஒரு கையுறைக்குள் இரண்டு உருளைக்கிழங்கு. கிளிப்பை எடுத்து, இரண்டு கிழங்குக்கும் நடுவில் வைத்து அமுக்கி, கையுறையோடு மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, பெஞ்சுக்குப் பக்கத்திலேயே ஒரு புனிதவதி மாதிரி கைகட்டி நின்றாள்.

நான் வாயைப் பிளந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தாள்:

“அந்தக் கருமம் பிடிச்ச அடுப்பு என் வீட்டுக்கு வரக் கூடாது. கண்ண மூடு.”

மூடினேன். ஹார்லன் கவர்னருக்கு ஞானம் வேண்டிக்கொண்டிருந்தான். வேண்டட்டும்! அவன் இழுக்க இழுக்கத் தோட்டா சூடாகிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவன் ஜெபம் முடியக் கூடாது என்று நானும் சேர்ந்து ஜெபித்தேன். உலகத் தலைவர்களை ஏன் விட்டுவிட்டாய், அவர்களுக்கும் சொல்லு தம்பி!

ஆமென் வந்தது. கண்ணைத் திறந்தபோது கிளிப் பழைய இடத்திலேயே, சிமெண்டின்மேல், அப்பாவியாகக் கிடந்தது. வெர்னா அண்டாவுக்குப் பக்கத்தில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆரம்பி” என்றான் ஹார்லன். அவன் முகத்தில் அவ்வளவு பரிவு.

கிளிப்பைத் துப்பாக்கியில் அமுக்கினேன். நல்ல வெதுவெதுப்பு விரலில் ஏறியது. குறி பார்த்தேன். சுட்டேன்.

கம்பி ஓடியது. மறுபடியும் சுட்டேன். தேன்மெழுகுப் புகை கிளம்பி, கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த தேவாலயம் மாதிரி மணத்தது. மூன்றாவதும் ஓடியது. ஹார்லனின் பரிவு கொஞ்சம் சுருங்கியது. நான்காவதில் எல்டன் கரண்டியை அண்டாவுக்குள் நழுவவிட்டான். ஏழாவது கூடு வெளியே வந்தபோது கம்பி கொஞ்சம் தயங்கியது; சத்தியமாகத் தயங்கியது, ஒரு கிழவன் படியேறும்போது நின்று யோசிக்கிற மாதிரி. தொடக் கூடாது. விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். யோசித்து முடித்து, கம்பி முன்னால் வந்து, கடைசித் தோட்டாவை ஏற்றியது.

சுட்டேன். டிங்!

கிளிப் வானத்துக்குப் போனது. ஒரு கழுகு விலகி வழிவிட்டதை நான் பார்த்தேன். எல்டன் காக்கை என்கிறான், அவனுக்குக் கண் சரியில்லை. இறங்கி வந்து ஹார்லனின் ஹாட் சாக்லேட் கோப்பைக்குள் விழுந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். ஹார்லன் கிளிப்பைக் கோப்பையிலிருந்து எடுத்து, வழித்து, மூக்கருகே கொண்டுபோனான். நீளமாக மோந்தான்.

“வெண்ணெ வாசன அடிக்குதே” என்றான்.

“கோகோவுல வெண்ணெ போட்டிருப்பாங்க.”

“கெழங்கு சுத்துன தாளு ஒட்டியிருக்குய்யா. இவ நடுவுல பெஞ்சுகிட்ட எதுக்கு வந்தான்னு அப்பவே…” சட்டென்று நிறுத்தினான்.

வெர்னா கரண்டியோடு திரும்பினாள். “என்ன ஹார்லன்? நடுவுல எப்போ? ஜெபத்து நடுவுலயா?”

கூட்டம் முழுக்க அவனையே பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்த கூட்டம். எங்கள் ஊரில் ஜெபத்தில் கண்ணைத் திறக்கிறவன் யார் என்றால், இன்னொருவன் திறந்ததைப் பார்த்தவன்தான். அதுவும் ஜெபம் சொல்கிறவனே திறந்தால்!

ஹார்லனின் காது தக்காளி நிறத்துக்கு வந்தது. “ஒண்ணுமில்ல. நல்ல கெழங்கு வெர்னா” என்றான். போய்ப் பலகையைக் கழற்றினான். அடுப்புக்கு விறகாக வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே கொடுத்தான்.

அன்று மாலைவரை என் வாய் ஓயவில்லை. செப்புக் கோவணம் எப்படிக் கட்டுவது, மெழுகு எவ்வளவு, ஈயம் எங்கே கிடைக்கும் என்று கேட்டவனுக்கும் சொன்னேன், கேட்காதவனையும் பிடித்து நிறுத்திச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை டோனட் பெட்டியோடு மார்லீஸின் கடைக்குப் போனால், வாசலில் வரிசை. சங்கம் முழுக்க நின்றது. ஆளுக்கொரு டோனட் பெட்டி. எல்டன் மிளகாய்க் கறியே ஒரு தூக்கில் கொண்டு வந்திருந்தான். வரிசையின் முதலில் ஹார்லன், இரண்டு பெட்டி இலவங்கப்பட்டை ரொட்டியோடு.

மார்லீஸ் வாளியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். “மன்னிச்சுக்கோ லைல். ரொட்டி சூடா இருக்கு.”

ஹார்லன் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“ஈயம் என்கிட்ட இருக்கு. அடுப்பு உன்கிட்ட இருக்கு. என் வீட்டம்மாவும் பாத்திரத்தத் தர மாட்டேங்குறாடா” என்றான், தாழ்ந்த குரலில்.

“பாதிப் பாதி?”

“பாதிப் பாதி. முதல்ல இதச் சாப்பிடு.”

கொட்டகைக்குப் போய் வாளியை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். நான் டோனட்டைக் கடிக்கப் போகும்போது கையைப் பிடித்தான். “ஜெபம்” என்றான்.

தலையைக் குனிந்தோம். ரொட்டிக்கும் டோனட்டுக்கும் நன்றி சொன்னான், மிகவும் சுருக்கமாக. நான் இரண்டு கண்களையும் திறந்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும்தான்.