நல்லம்மாள் சண்டைக்கு வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கலாதேவி வீட்டு முன்புறத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டு நல்லம்மாள் சண்டைக்கு வருவாள், நின்றுகொண்டே கத்தினால் பாவம் முட்டி வலிக்கும் என்ற நல்லெண்ணம்தான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் கிளினிக்கில் பதிவு முகப்பில் உட்கார்ந்திருக்கும் கலாதேவிக்கு, பதினைந்து வருடமாக ஒரு வலைப்பூ உண்டு. பெயர், ‘கேட் ஓரக் கதைகள்’. தாமான் குடியிருப்பில் யார் வீட்டுப் பெண்பார்த்தல் முறிந்தது, யார் வேலிக்கு மேலே எச்சில் சோற்றை வீசினார்கள், எல்லாம் அதில் வரும். பெயர் போடமாட்டாள். வீட்டு கேட்டின் நிறத்தை மட்டும் போடுவாள். அது போதாதா! ஒரு காலத்தில் ஈப்போவிலிருந்துகூடப் படித்தார்கள். கோயிலில் விமலா வீட்டு உபயச் சாப்பாட்டில் சாம்பாருக்குள் பருப்பைத் தேட வேண்டியிருந்தது என்று எழுதியதற்கு, விடிவதற்குள் விமலா நைட்டியோடு கேட்டை உலுக்கினாள். அன்றைக்கு இருநூற்றுப் பதினான்கு பேர் படித்திருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று பேர் வீடுகளில் கேட்டுக்கு அவசர அவசரமாக வேறு பெயிண்ட் அடித்தார்கள்.

இப்போது? ஏசுவதற்குக்கூட ஆளில்லை. இருக்கிறார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் வெள்ளிக்கிழமை அந்தப் பதிவைப் போட்டாள். மாரியம்மன் திருவிழா ஐந்தாம் நாள் உபயம் நல்லம்மாள் குடும்பத்துடையது. அவள் அம்மனுக்குச் சாத்தக் கொடுத்த பச்சைப் புடவை, போன வருடம் அதே அம்மனுக்குச் சாத்திப் பிரசாதமாக அவளுக்கே வந்த புடவை. முந்தானையில் பழைய மஞ்சள் கறை. கலாதேவி இரண்டு கண்ணாலும் பார்த்தாள். ‘நீலக் கேட் வீட்டாருக்கு அம்மன்மேல் எவ்வளவு பாசம், கொடுத்ததையே கொடுக்கிறார்கள்’ என்று தொடங்கி எழுநூறு வார்த்தை. அவள் எழுதியதிலேயே நல்ல பதிவு அதுதான். அவளே நான்கு முறை படித்துச் சிரித்தாள்.

சனிக்கிழமை பார்த்தால் ஒன்பது பேர் படித்ததாகக் காட்டியது. கலாதேவிக்குத் தலைகால் புரியவில்லை. ஈப்போவில் வேலை செய்யும் மகள் ஷாமினிக்குப் போன் போட்டாள்.

“ஒம்போது பேருடி!”

“எந்த ஊருன்னு பாரும்மா.”

“சிங்கப்பூரு ஆறு, அமெரிக்கா மூணு.”

“அது மனுசங்க இல்லம்மா. மெஷினு வந்து பாத்துட்டுப் போவுது. சும்மா சும்மா எண்ணிக்கிட்டு இருக்காதலா.”

கலாதேவி போனை வைத்தாள். மெஷினுக்கு மஞ்சள் கறையைப் பற்றி என்ன அக்கறை! நல்லம்மாள் படித்திருப்பாள், ஞாயிறு லீவு பார்த்து வருவாள் என்று முடிவு கட்டினாள். அதனால்தான் நாற்காலி.

பத்து மணிக்கு நல்லம்மாள் வந்தாள். கையில் துடைப்பம் இல்லை, தட்டு நிறைய உளுந்து வடை.

“என்னா கலா, நாக்காலிலாம் போட்டு வெச்சிருக்க? யாராச்சும் பொண்ணு பாக்க வாராங்களா?”

“ஒக்காருங்கக்கா. வெள்ளிக்கெழம ஒங்களப் பத்தி எழுதியிருந்தேனே.”

“எங்க?”

“என் பிளாக்குலதான்.”

“ஐயே, அது இன்னுமா இருக்கு?”

கலாதேவி விருட்டென்று உள்ளே போனாள். விடக்கூடாது என்று மடிக்கணினியைத் தூக்கிவந்து முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தாள். கறை வந்த இடத்தில் குரலைத் தூக்கி, ஓரக்கண்ணால் பார்த்தாள். நல்லம்மாள் தன் வடையைத் தானே தின்றுகொண்டிருந்தாள். பாதிப் பதிவில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அதே பொடவதான்லா! புதுசு வாங்கி வெச்சத மருமக உடுத்திட்டுப் போய்ட்டா. நான் என்னா செய்ய? ஒனக்குப் பாம்புக் கண்ணுடி.”

“கோவம் வரலையாக்கா?”

“எதுக்குக் கோவம்? கோயில் தலைவர் சின்னையா காதுல போட்டுறாத. அவரு கோயில் வாட்சாப் குரூப்புல ஒரு வரி போட்டாருன்னா, நான் வெளிய தல காட்ட முடியாது. ஒன் பிளாக்குல கெடந்தா பரவால்ல. பெட்டியில போட்டுப் பூட்டுன மாதிரி. யாரு வந்து பாக்கப் போறா?” எழுந்தாள். “இன்னும் என்னா வேணுமோ எழுதிக்க. மீதிய அப்புறம் வந்து கேக்குறேன், அடுப்புல கொழம்பு கெடக்கு.”

மீதியைக் கேட்க அவள் வரமாட்டாள் என்பது கலாதேவிக்குத் தெரியும். கடைசிப் பத்தியில்தான் உயிரே இருந்தது.

கைப்பேசியை எடுத்துக் கோயில் குரூப்பைத் திறந்தாள். ‘பச்சைப் புடவை பழசு’ என்று மூன்றே வார்த்தை தட்டினால் போதும், மத்தியானத்துக்குள் தாமானே தீப்பிடிக்கும். தட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தீப்பிடிக்கப்போவது புடவை. எழுநூறு வார்த்தையை அப்போதும் ஒருவரும் தேடி வரப்போவதில்லை. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

பிறகு கணினியில் புதிய பதிவைத் திறந்தாள். இனிமேல் யாரைப் பற்றியும் எதையும் எழுதலாம். கேட்டின் நிறத்தில் ஒளிக்க வேண்டாம், பெயரையே போடலாம், கதவு எண்ணோடு போடலாம். யாரும் கேட்க வரமாட்டார்கள். ‘நல்லம்மாள்’ என்று முழுப்பெயரை அடித்தாள். அதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை.