அண்ணன் போட்ட சட்டை

மேலூர் முனீஸ்வரிக்குப் போலீஸ் வேலை வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் அது கிடைக்க, சென்னையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கம் வேண்டும். பதக்கத்துக்குக் குறி தப்பாத கை வேண்டும். அது அவளிடம் இருந்தது. துப்பாக்கிதான் மாவட்டச் சங்கத்துடையது. சங்கமோ செயலாளர் நாகசுப்பிரமணியனுடையது.

தல்லாகுளத்து வக்கீலான அவர், சங்கத்தின் இரண்டு பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கிகளுக்கும் பெயர் வைத்திருந்தார். ஒரே கம்பெனி, ஒரே சாயல். முதலில் வந்தது அண்ணன், அடுத்து வந்தது தம்பி. உண்மையில் தம்பிதான் பழைய மாடல். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் சுட்டுச் சலித்துக் கொடுத்தது. அண்ணன் பெட்டி பிரிக்காமல் வந்த புது மாடல். இருந்தாலும் ஆயுத பூஜையில் முதல் மாலை அண்ணனுக்குத்தான். அண்ணனைச் செயலாளர் தவிர யாரும் தொடக்கூடாது.

தம்பியின் எஜெக்டர் தேய்ந்துபோயிற்று. சுட்டதும் காலித் தோட்டாவைத் தட்டி வெளியே எறிகிற சின்ன இரும்பு நாக்கு அது. பழைய மாடலில் நாக்கு நீளம். புது மாடலில் குட்டை. மாட்டுகிற துளை மட்டும் இரண்டிலும் ஒன்று. கெடுதல் எல்லாம் அந்தத் துளையால்தான் வந்தது.

“பழைய மாடலுக்குன்னு எழுதிப் போடுங்க சார்” என்று முனீஸ்வரி நச்சரித்து எழுத வைத்தாள். அதிசயமாகச் சரியான சாமானே வந்து சேர்ந்தது, சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது கேட்டாள். “தம்பிக்குப் புதுசு மாட்டியாச்சா சார்?”

“புதுசை அண்ணனுக்குப் போட்டேன்மா. அண்ணனோடது தம்பிக்கு. அண்ணன் போட்ட சட்டையைத்தான தம்பி போடணும்? எங்க வீட்ல அதான் வழக்கம்.”

அவள் படியில் வைத்த காலைக் கீழே இறக்கினாள். “சார், ரெண்டும் வேற வேற அளவு. மாத்திருங்க, ஒரு நிமிச வேலை.”

“துளையில கச்சிதமா உக்காந்துருச்சு. ஒரு வயித்துப் பிள்ளைகள்ல என்னம்மா வேற?”

“ஒண்ணு ரெண்டு சுட்டாவது பாத்தீகளா?”

“தோட்டா என்ன பொரிகடலையா, அள்ளி இறைக்க?”

கோர்ட்டில் தோற்கிற வழக்கை எல்லாம் மனுஷன் இப்படி வெளியில் ஜெயித்துக்கொள்வார் போலிருக்கிறது.

சென்னையில் மற்ற மாவட்டச் செயலாளர்களோடு அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். முனீஸ்வரி கடைசியாக ஒருமுறை கெஞ்சினாள்.

“சபையில வச்சு அண்ணன் சட்டையைக் கழட்டச் சொல்றியா? மரியாதை தெரிஞ்ச பிள்ளைன்னுல நெனச்சேன்” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் சுட்டதெல்லாம் நடுவட்டத்தில் விழுந்தது. ஆனால் குட்டை நாக்குக்கு எட்டாமல் காலித் தோட்டா உள்ளேயே சிக்கிக்கொண்டது. முதல் தடவை நடுவர் மன்னித்து மறுபடி சுட விட்டார், விதி அப்படி. அடுத்த தடவை மன்னிப்பு இல்லை, சுடாத குண்டுக்குச் சுழியம். நாலாவதாக வந்தாள். நாலாவது ஆளுக்கு எந்த ஊரிலும் பதக்கமும் இல்லை, வேலையும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

மத்தியானம் மூத்தோர் போட்டி. நெற்றியில் சந்தனத்தோடு நாகசுப்பிரமணியன் அண்ணனைத் தூக்கினார். சோதனைச் சுற்றின் முதல் குண்டிலேயே நீள நாக்கு இடித்து, அண்ணன் தோட்டா ஏறும் வாயை மூடமாட்டாமல் நின்றான். அவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“முனீஸு, தம்பிகிட்ட இருக்க என் எஜெக்டரைக் கழட்டிக் குடும்மா. ஒரு நிமிச வேலைதான்.”

முனீஸ்வரி தம்பியின் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். மூடிமேல் கையை வைத்தாள்.

“தம்பி போட்ட சட்டையைப் போயி அண்ணன் போடுறதா சார்? அதுவும் இம்புட்டுப் பேரு இருக்க சபையில?”

காபி குடித்த செயலாளர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.