குதிரையின் ஒழுக்கம்

ஓய்வுபெற்ற அதிகாரிக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. ஆகவே ஓய்வுக்கும் ஒரு திட்டம் தயாரித்து, பத்தி எண்கள் போட்டு, மனைவியின் ஒப்புதலுக்கு வைத்தார். ஒன்று: நாட்டுப்புறப் பண்பாட்டை நேரில் அறிதல். இரண்டு: தாம் முன்பு பணியாற்றிய ஊரைப் பார்வையிடுதல். மூன்று: மன அமைதி, நேரம் இருப்பின்.

“எனக்குத் தூங்கினாப் போதுங்க,” என்றாள் மனைவி.

“அந்த ஊர்ல நாலு வருஷம் ராஜாங்கம் நடத்தியிருக்கேன். இருபத்தாறு வருஷம் ஆனா என்ன? இன்னைக்கும் என்னை மறந்திருக்க மாட்டாங்க. வந்து பாரு.”

அந்த நாலு வருஷமும் அவளுக்கு நகரத்தில் வேலை. எனவே ராஜாங்கத்துக்குச் சாட்சி கிடையாது. மறக்கவில்லை என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பயணத்தின் நிஜ நோக்கம் அதுதான். அதற்கு மட்டும் பத்தி எண் இல்லை.

தங்கியது ஊரை ஒட்டி ஒரு தோட்டவீடு. வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும் இரண்டு அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டிருந்தார்கள். மனைவி பெயரில்தான் அறை பதிவாகியிருந்தது. அதிகாரி தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை. ஊரார் தாமாக அடையாளம் கண்டு வாய் பிளக்கட்டும் என்று காத்திருந்தார். யாரும் பிளக்கவில்லை. பொழுது போகாமல் பண்பாட்டில் குறை கண்டுபிடித்தார்.

“கிணத்துல மோட்டார் எதுக்கு? துணி துவைக்கிற மெஷின் எதுக்கு? நீங்க வேரை இழந்துட்டு வர்றீங்கம்மா.”

வீட்டுக்காரம்மா மெஷின்மேல் ஒரு பாயைப் போட்டு மூடினார். “இப்ப வேர் வந்துடுச்சுங்களா?” என்று கேட்டார். அதிகாரி பாயைப் படமெடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, சாப்பாடு தாமதம். “கொஞ்சம் பொறுங்க. அடுப்பு பரிசீலிக்குது,” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. சற்று நேரத்தில் அதே குரல், கட்டிலில் கிடந்த கணவர் பக்கம் திரும்பியது: “பரிசீலிச்சது போதும், எந்திரிங்க!”

அதிகாரிக்குப் புல்லரித்தது. குறிப்பேட்டை எடுத்தார்.

“கேட்டியா? நாம கோப்புல மட்டும் எழுதுற சொல்லு. இங்க அடுப்படியில உயிரோட இருக்கு! பரின்னா குதிரை. சீலம்னா ஒழுக்கம். குதிரையோட ஒழுக்கம்! என்ன ஆழம் பாரு.”

“அடுப்புக்கும் குதிரைக்கும் என்னங்க சம்பந்தம்?”

“குதிரை நின்னுக்கிட்டே யோசிக்கும். அதான் தொடர்பு. அடுத்த மாசம் ஓய்வுபெற்றோர் மன்றத்துல இதைத்தான் பேசப்போறேன்.”

ஒரு குதிரையும் இல்லாத ஊரில் அந்த ஆராய்ச்சி மதியம்வரை நடந்தது. அதன்பின் பழைய அலுவலகத்தைப் பார்க்க மாட்டுவண்டியில் கிளம்பினார்கள். பேருந்து இருந்தது, ஆனால் அதில் பண்பாடு இல்லை.

பாதி வழியில் மாடு நடுத்தெருவில் படுத்துக்கொண்டது. வண்டிக்காரர் சாட்டையைக்கூடத் தொடவில்லை. இறங்கி நின்று, இடுப்பில் கைவைத்து, “பரிசீலனைக்குப் போயிடுச்சுங்க,” என்றார்.

“பார்த்தியா!” என்று அதிகாரி துள்ளினார். “பெரியவரே, இந்தச் சொல்லு எத்தனை தலைமுறையா இங்க இருக்கு?”

“தலைமுறையா? நம்ம கண்ணு முன்னால வந்ததுங்க. எங்க தெருவுல மழை பேஞ்சா முழங்கால் தண்ணி. வடிகால் வெட்ட அனுமதி கேட்டு மனு குடுத்தோம். இங்க ஒரு அதிகாரி இருந்தாரு. எப்ப போனாலும் தலையத் தூக்காம, ‘பரிசீலனையில இருக்கு’ம்பாரு. நாலு வருஷம்! அவரு மாத்தலாகிப் போன மறுநாள் நாங்களே மண்வெட்டிய எடுத்தோம். ரெண்டு நாள் வேலைங்க. அன்னையிலேருந்து அசையாம கெடக்கிற எதுக்கும் இங்க அதான் பேரு. அடுப்பு, மாடு, மாப்பிள்ளை, எதுவானாலும்.”

குறிப்பேடு மெல்ல மூடியது.

“அந்த அதிகாரி பேரு என்னங்க?” என்று மனைவி தேன் ஒழுகக் கேட்டாள்.

“பேரு யாருக்குத் தெரியும்மா? முகத்தையே பார்த்ததில்ல. கோப்புக்கு மேல உச்சந்தலைதான் தெரியும். நல்லா சுருட்டை முடி, நடு வகிடு.”

அதிகாரியின் கை தானாக உச்சிக்குப் போனது. காட்டிக்கொடுக்க அங்கே ஒரு முடிகூட மிச்சமில்லை. இருபது வருஷம் தைலம் தடவியும் நிற்காமல் போன முடிக்கு முதன்முறையாக நன்றி சொன்னார்.

“நீங்க சொன்னது சரிதாங்க,” என்று மனைவி அவர் காதருகே குனிந்தாள். “மறக்கவே இல்ல.”

“சும்மா இரு.”

வண்டிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஐயாவப் பார்த்தாலும் பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கு. எந்த ஆபீஸுங்க?”

“நான்... பல் டாக்டர்.”

சொன்னதுதான் தாமதம், வண்டிக்காரர் வாயைத் திறந்தார். ஊரில் முதல் ஆளாக ஒருவர் அவர்முன் வாய் பிளந்தேவிட்டார், அதுவும் கடைவாய்வரை.

“பின்னால ரெண்டாவதுங்க. ஆறு மாசமா உயிரை எடுக்குது.”

அதிகாரி செல்பேசி விளக்கைப் போட்டு, கோப்பைப் புரட்டும் கம்பீரத்தோடு உள்ளே பார்த்தார். “உப்புத்தண்ணி கொப்பளிங்க,” என்று தீர்ப்பளித்தார். மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அலுவலகம் பார்க்கும் ஆசை அத்தோடு போயிற்று. மாடு எழுந்ததும் வண்டியைத் திருப்பச் சொன்னார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வண்டிக்காரர் டாக்டரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். இவர்கள் முகம் கழுவி முடிப்பதற்குள் தோட்டவீட்டு வாசலில் ஏழு பேர் கூடிவிட்டார்கள். ஏழு பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மரியாதையாக நின்றார்கள்.

அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டினார். “நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. கிளம்பு.”

“நான் எதுக்கு? எனக்குப் பல்லு பார்க்கத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும்,” என்றாள் மனைவி, தலையணையைத் தட்டிச் சரிசெய்தபடி. “நீங்க போங்க. நான் நாலு நாள் தூங்கி எந்திரிச்சு வரேன்.”

“அவங்க கேட்டா என்ன சொல்லுவே?”

“ஏதாவது சொல்றேன். உண்மையச் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க.”

அதிகாரி பின்பக்கத் தோட்டம் வழியாக, மோட்டார் குழாயைத் தாண்டி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்காரம்மா அறைக்குள் எட்டிப்பார்த்தார். “என்னங்க, டாக்டரு இப்படித் திடுதிப்புன்னு கிளம்பிட்டாரு?”

“அங்க எங்க ஊரு முழுக்கப் பல்வலியாம்,” என்ற மனைவி, போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.