ஆளுக்குப் பாதி

மதியம் தயிர்சாத டப்பாவைக் கழுவிக்கொண்டு தாரிணி இருக்கைக்குத் திரும்பியபோது அந்த மெயில் வந்திருந்தது. நல்ல செய்தி, என் மேசையில் ஸ்வீட் இருக்கிறது, எல்லாரும் வாருங்கள் என்று வேதா எழுதியிருந்தாள். மாதாப்பூர் ஐ.டி. அலுவலகங்களில் ஸ்வீட் மெயில் வந்தால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் குழந்தை, அதுவும் இல்லையென்றால் அமெரிக்கா. வேதாவுக்கு முதல் இரண்டும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் டல்லாஸ் போக வேண்டியவள் தாரிணி. அங்குள்ள வங்கிக்காரர்களின் வேலையை ஆரம்பத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தவள் அவள். அடுத்த சீட்டு உனக்குத்தான் என்று மேனேஜர் சந்தீப்பே வாய்விட்டுச் சொல்லியிருந்தான்.

பாளையங்கோட்டைத் தாரிணிக்கும் பொள்ளாச்சி வேதாவுக்கும் அமீர்பேட்டை லேடீஸ் ஹாஸ்டலில் ஒரே அறை. அங்கே தினமும் போட்ட கோங்குராப் புளிச்சகீரையில் நாக்கு செத்துப்போய், வந்த முதல் சனிக்கிழமையே இருவரும் ஒரு இரானி பேக்கரிக்குள் நுழைந்தார்கள். பிடிக்குமோ பிடிக்காதோ என்று தேங்காய்ப்பூ வைத்த தில்குஷ் ரொட்டி ஒன்றே ஒன்று வாங்கிப் பாதியாகப் பிய்த்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. எந்தப் பலகாரமானாலும் ஒன்றுதான் வாங்குவது. ஒருத்தி பிய்த்தால் மற்றவள் முதலில் எடுக்க வேண்டும். புதுக் கடைக்குத் தனியாகப் போகக் கூடாது. பூதரேகுலு என்ற இனிப்பின் மேலே இருந்ததைக் காகிதம் என்று நினைத்து இருவரும் சிரத்தையாக உரித்து உரித்துக் கீழே போட, கடைசியில் கையில் மிஞ்சியது கொஞ்சம் சர்க்கரைதான். அந்தக் காகிதமே பலகாரம் என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பாதாம் ஜாலியை மட்டும் ருசி பார்க்காமல் மிச்சம் வைத்திருந்தார்கள். பாதாமை அரைத்து, சல்லடை போல ஓட்டை ஓட்டையாக வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டிய அந்த வட்டம் நகரத்தின் பழைய ஊர்ப் பகுதியில்தான் கிடைக்கும். யாருக்கு முதலில் அமெரிக்கா போகும் ஆன்சைட் வாய்ப்பு வருகிறதோ, அன்றைக்குச் சேர்ந்து போய் வாங்குவதாகப் பேச்சு.

தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், தை மாதம் கல்யாணம் என்கிறார்கள் என்று தாரிணி வேதாவிடம் சொன்னதும் இப்படி ஒரு சனிக்கிழமைதான், குபானி கா மீட்டா என்ற பழ இனிப்புக் கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து. அலுவலகத்தில் வேறு யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த மாதமே அவர்கள் பின்வாங்கியதையும் வேதாவிடம்தான் சொன்னாள். வேதா தன் பங்கு உஸ்மானியா பிஸ்கட்டையும் அவள் பக்கம் தள்ளி, போறவங்க போகட்டும், நீ தின்னு என்றாள். அன்றைக்கு அவளைவிட நெருங்கியவள் உலகத்தில் இல்லையென்று தாரிணிக்குத் தோன்றியது.

மெயிலைப் பார்த்த தாரிணி நேராகச் சந்தீப்பிடம் போனாள். அவன் சிரித்த முகமாகக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னான். தையில் உனக்குக் கல்யாணமாமே, டல்லாஸில் ஒரு வருடம் இருக்க வேண்டியிருக்கும், உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று போன வாரம்தான் பேரை மாற்றி அனுப்பிவிட்டோம் என்றான். யார் சொன்னது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

வேதாவின் மேசையைச் சுற்றிக் கூட்டம். அட்டைப்பெட்டிக்குள் வெள்ளித்தாள் மின்னியது. பழைய ஊருக்குத் தனியாகவே போய் வந்திருக்கிறாள். கூட்டம் கலையும்வரை தாரிணி நின்றாள்.

“அந்தக் கல்யாணம் நின்னு போச்சுன்னு ஒனக்குத் தெரியும்லா?” என்று கேட்டாள்.

வேதா பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “சந்தீப் உன்னயப் பத்திக் கேட்டாரு. தையில கல்யாணம்னு சொல்லிட்டேன். நின்னதச் சொல்ல வாய் வரலடி.” ஒரு ஜாலியை நேராக்கி வைத்து, “எனக்கும் போகணும்ல,” என்றாள்.

தாரிணிக்கு அந்தப் பெட்டியைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. அதற்குள் அடுத்த பிரிவிலிருந்து நாலு பேர் வந்து நின்றார்கள். வேதா அவசரமாக ஒரு ஜாலியை எடுத்து நீட்டினாள்.

“முழுசா எடுத்துக்கடி. நெறைய இருக்கு.”

நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தாரிணி வாங்கிக்கொண்டாள். கழுத்தறுத்தவளின் கையாலேயே வாங்கினோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இருக்கையில் வந்து உட்கார்ந்தபோது, அவளைக் கேட்காமலே அவள் விரல்கள் அதை இரண்டாகப் பிய்த்துவிட்டிருந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. விரலெல்லாம் வெள்ளித்தாள். அந்தப் பக்கம் வேதா யாருக்கோ தேங்க்ஸ் சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. தாரிணி இரண்டு துண்டுகளையும் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிய்த்தவள் முதலில் எடுக்கக் கூடாதே என்று காத்திருந்தாள்.