எண்ணாமல் விட்ட கை

மிலுடினின் வலது கையைப் பிடித்து வுகோசாவா தொங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய செருப்புகள் தரைக்கு ஒரு சாண் மேலே ஆடின. எடை எழுபத்தைந்து கிலோ. கை அசையவில்லை. அந்தச் செர்பிய வெந்நீர் ஊற்று மருத்துவமனையில் இருபது வருடமாக பிசியோதெரபி பார்ப்பவள் அவள். மேலே போகாத கைகளை அழவைத்தாவது மேலே அனுப்புவதுதான் அவள் பிழைப்பு. கீழே வராத கையை இப்போதுதான் பார்க்கிறாள்.

"யோவ் பெரியவரே, இறக்குய்யா! மூட்டு கழண்டுக்கும்!"

"நானா பிடிச்சுக்கிட்டிருக்கேன்? நீதானே தொங்கறே!" என்றார் மிலுடின்.

மிலுடினுக்கு எழுபத்திரண்டு வயது. சங்கிலித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பத்தைந்து வருடம் வலித்துத் தேய்ந்த தோள்மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆறு வாரத்துக்குக் கையைக் கழுத்தோடு தாங்கும் ஸ்லிங் பட்டையைக் கழற்றக் கூடாது, பயிற்சி நேரம் தவிர. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைப் பெண்டுலம் மாதிரித் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னாள் வுகோசாவா. கை இரண்டு முறை ஆடியது. மூன்றாவது ஆட்டத்தில் நேராக உச்சிக்குப் போய் நின்றுகொண்டது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணல் பைகளைக் கட்டிப் பார்த்தார்கள். சனிக்கிழமை குளியல் பகுதிப் பெண்கள், நிற்கிற கை சும்மாதானே நிற்கிறது என்று பதினொரு ஈர நீச்சலுடைகளை அதில் காயப்போட்டார்கள். சமையல்காரர் பிளம் சாராயத்தில் துணியை நனைத்துத் தோளில் சுற்றினார். மிச்சத்தைக் குடித்துவிட்டுத் தனக்குக் குணம் தெரிவதாகச் சொன்னார். அறுவை செய்த டாக்டர் மட்டும் போனில் சிரிக்கவில்லை. திங்கள் காலைக்குள் இறங்காவிட்டால் தோளைத் திரும்பத் திறக்க வேண்டும், அப்படித் திறந்தால் கை பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்றார். மிலுடின் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை வுகோசாவா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இந்த வலி முதல்ல எப்ப வந்துச்சு?"

"எழுபத்தொன்பதுல. வியாழக்கிழமை, நாலு மணி. தொழிலாளர் மன்றக் கூட்டம். ஓட்டுப்போடக் கை தூக்கினேன், ஜன்னல் காத்து பின்னாலேர்ந்து தோளைக் கவ்விடுச்சு. பாதியிலேயே நின்னுபோச்சு."

"திரும்பிப் பார்க்கலையா?"

"காத்தடிக்கும்போது கழுத்தைத் திருப்பச் சொல்றியா? நான் சாகணுமா?"

நியாயமான பதில். குறுக்குக் காற்று பட்டால் ஆளையே முடக்கிவிடும், திறந்த இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே உட்காருவதைவிடப் போருக்குப் போவது மேல் என்று நம்புகிற ஊர் அது.

அந்தச் சோஷலிச நாட்களில் தொழிலாளர்களுக்கு வீடு ஒதுக்குவதும் மன்ற உறுப்பினர்கள் கைதூக்கிப் போடும் ஓட்டில்தான். அன்றைய கூட்டம் தொழிற்சாலையின் ஒரே ஒரு புது வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யக் கூடியது. மனு போட்டவர்கள் இருவர்: மிலுடினின் மனைவி லூபிங்கா, நிலவறையில் இரட்டைக் குழந்தைகளோடு குடியிருந்த தெசங்கா. இருவருக்கும் ஓட்டில்லை, பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று வீடு லூபிங்காவுக்குப் போனது. மிலுடினின் அரைக் கையைத் தலைவர் எண்ணவே இல்லை. அது யாருக்காக எழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெண்டாட்டிக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. அவரும் மறுக்கவில்லை.

வுகோசாவாவின் அப்பாவும் அப்படிப்பட்ட மன்றங்களில் உட்கார்ந்தவர். தூக்கிய கையை எண்ணி முடிக்கும்வரை இறக்கக் கூடாது என்பது அவளுக்குச் சிறுவயதிலேயே தெரியும். அவள் மூன்று பேருக்குப் போன் போட்டாள்.

நான்கு மணிக்கு, அந்நாள் தலைவர் ஷிவோயின் எண்பத்தைந்து வயதில் பழைய குறிப்பேட்டோடு வந்தார். தெசங்கா பஸ்ஸில் வந்தாள். லூபிங்கா ஒரு தட்டு நிறையப் பாலாடைக்கட்டிப் பணியாரத்தோடு வந்து, புருஷனின் தூக்கிய கையைப் பார்த்து, "பஸ்ஸை நிறுத்தறியா?" என்றாள்.

"தோழர்களே, ஒரு ஓட்டு விட்டுப்போச்சு," என்றார் ஷிவோயின். "லூபிங்காவுக்கு?"

கை மரம் போல நின்றது. மிலுடின் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெசங்காவுக்கு?"

ஐந்து விரல்களும் விரிந்தன. ஷிவோயின் பென்சிலை நாக்கில் தொட்டு, பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினார். கை மெல்ல இறங்கி, தானே ஸ்லிங் பட்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வுகோசாவா அட்டையில் பயிற்சி முடிந்தது என்று குறித்தாள்.

"சமம்," என்றாள் தெசங்கா. "என் பசங்களுக்கு அந்த நிலவறையிலதான்டா மீசையே முளைச்சுது, மிலுடின்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பத் துணியவில்லை. "கழுத்துல காத்து படுது," என்று முனகினார். தெசங்கா ஜன்னலைச் சாத்த எழுந்தாள்.

லூபிங்கா ஸ்லிங் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஜன்னலை விடு தெசங்கா. அன்னைக்கும் காத்து ஒண்ணும் அடிக்கலை. பின்னாடி உட்கார்ந்து இந்த மனுஷன் தோளை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சது நான்தான்."